எதிர்வீட்டு அம்மாவின் காய்ச்சல்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, சுகர் உண்டு. மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போடச் சொன்னார் எங்கள் டாக்டர். மாமியாரும் சரி என்றார். "போன வருஷம் ஊசி போட்டப்புறம்தான் எனக்குக் காய்ச்சலே வந்தது" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதிலிருந்து வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எதிர்வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. சிலருக்கு ஓரிரு நாள் கை வலிக்கும், உடம்பு லேசாகச் சுடும். அது ஃப்ளூ இல்லை. ஊசி மருந்தில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் உடம்பில் பெருக முடியாது. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும் என்பதும் உண்டு. ஊரே இருமுகிற ஐப்பசியில் போய்ப் போட்டுக்கொண்டால், அதற்குள் எந்தச் சளி பிடித்தாலும் பழி ஊசி மேல்தான்.

இதையெல்லாம் சொன்னால் மாமியார் மனம் மாறுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. என் கதையையே கேளுங்கள். பல வருடம் நோயாளிகளுக்கு இந்த ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான் போட்டுக்கொண்டதில்லை. கூட வேலை பார்த்த டாக்டர்கள் யாரும் போடவில்லை, அவ்வளவுதான் காரணம். 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சல் பயம்கூட எங்களை அசைக்கவில்லை. ஒருநாள் ஆஸ்துமாவுக்கு வரும் பாட்டி ஒருவர், ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டே, "நீ போட்டுக்கிட்டியாம்மா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஏற்றிய கையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுவாரம் நான் போட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ்கள் இரண்டு பேரும் அன்று சாயங்காலமே போட்டுக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பாட்டிதான் அப்புறம் வரவே இல்லை.

அதனால் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே. வீட்டிலிருப்பவர்கள் போட்டுக்கொண்டால் நோயை அவருக்குக் கொண்டு வரும் வாய்ப்பும் குறையும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டியிருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

எதிர்வீட்டு அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாமியாரை வைத்துக்கொண்டு, அந்தக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.