தொப்புள்கொடி ரத்தம் எந்த உறுப்பாகவும் மாறுமா?

கேள்வி: மனைவிக்கு இது ஏழாவது மாதம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு தனியார் வங்கியிலிருந்து வந்து பேசினார்கள். கையேட்டில் 'புளூரிபொட்டன்ட்', 'மீசன்கைமல்', 'எந்த உறுப்பாகவும் மாறும் ஸ்டெம் செல்' என்றெல்லாம் போட்டிருக்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: சொற்கள் எல்லாம் அறிவியலில் இருப்பவைதான். வேறு வேறு செல்களுக்கு உரியதை மொத்தமாகத் தொப்புள்கொடி ரத்தத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஸ்டெம் செல் என்று சொல்ல இரண்டு தகுதிகள் வேண்டும். பிரியும்போது தன்னைப் போன்ற செல்லையே மறுபடி உண்டாக்க வேண்டும். குறிப்பிட்ட வேலை செய்யும் வேறு செல்லாகவும் மாறத் தெரிய வேண்டும். எதுவாகவெல்லாம் மாறும் என்பதில்தான் தரம் பிரிகிறது.

கருவுற்ற முட்டை டோட்டிபொட்டன்ட். குழந்தை, நஞ்சுக்கொடி இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன. சுமார் ஐந்து நாள் கருவின் உட்பகுதிச் செல்கள் புளூரிபொட்டன்ட். உடலின் எல்லாத் திசுக்களாகவும் மாறும். 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தது. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, எலியின் வளர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதையே இந்த நிலைக்குத் திருப்பினார். அதுதான் ஐபிஎஸ் செல். 2012-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

தொப்புள்கொடி ரத்தத்தில் முக்கியமாக இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஹீமடோபொயடிக் ஸ்டெம் செல். இது மல்டிபொட்டன்ட், அதாவது தன் குடும்பத்துக்குள் மட்டும் மாறும்: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு. அதைச் சேமித்து வைத்து இதயமோ மூளையோ செய்துகொள்ள முடியாது. அதற்காக அது லேசுப்பட்டதும் இல்லை. 1988-இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் மரபுவழி நோய்) இருந்த சிறுவனுக்கு இதைக்கொண்டுதான் சிகிச்சை செய்தார்கள். செலுத்தியது அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தம், அவனுடையது அல்ல. இதைக் கவனியுங்கள்.

மீசன்கைமல் செல் கொடியின் திசுவிலும் மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும். ஆய்வகத்தில் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு செல்லாக மாறும். 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பிய அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் காப்லனே, உடலுக்குள் அது ஸ்டெம் செல் போல நடந்துகொள்வதில்லை என்று, பின்னாளில் அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எழுதினார். விற்பவர்கள் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார்கள்!

சரி, பணம்? உங்கள் குழந்தைக்கு நாளை தலசீமியா போன்ற மரபுவழி ரத்தநோய் வந்தால், அதே மரபணுக் கோளாறு சேமித்த செல்லிலும் இருக்கும்; அதைத் திருப்பிச் செலுத்திப் பயனில்லை. சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை.

ஒரு விலக்கு உண்டு. மூத்த குழந்தைக்குத் தலசீமியா மாதிரி, ஸ்டெம் செல் மாற்றினால் தீரக்கூடிய நோய் இருந்தால் சேமிப்பது நியாயம். உடன்பிறந்தவர்களின் திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் பிரசவத்துக்கு முன்பே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள்.

இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும், பிறந்ததும் கொடியை அவசரப்பட்டு இறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடம் விடச் சொல்லி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ரத்தம் போய்ச் சேர்ந்தால் குழந்தையின் உடலில் இரும்புச்சத்து கூடும்.