வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பதினோரு ஆண்டுகளாக நாடகங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடிக்கிறேன். கறுப்பாக இருப்பதால் வேலைக்காரி வேடத்துக்கும், அடிவாங்கி அழும் வேடத்துக்கும் மட்டுமே கூப்பிடுகிறார்கள். அமெரிக்க நடிகை சிசிலி டைசன் இழிவான வேடங்களை மறுத்தே பெரிய ஆளானார் என்று படித்தேன். நானும் மறுக்கலாமா? வீட்டு வாடகை என் வருமானத்தில்தான் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தொடருக்குப் பதில் சொல்ல வேண்டும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

"மறுத்தே பெரிய ஆளானார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் அவர் காத்துக் கிடந்த ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை.

டைசன் 1924-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் கரீபியத் தீவான நெவிஸிலிருந்து வந்து குடியேறியவர்கள். செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், நடிக்கப் போகிறேன் என்றதும் பக்தி மிகுந்த தாய் வீட்டைவிட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். 1963-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அலுவலகச் செயலராக வந்தார். முடியை நேராக்கிக்கொள்ளாமல் தன் இயல்பான சுருட்டை முடியுடனேயே நடித்தார். அந்த நாளில் அது சின்னத் துணிச்சல் அல்ல.

1968-இல் ஒரு படம். அடுத்த படம் 1972-இல்தான். இடையில் தொலைக்காட்சியில் சிறு வேடங்கள். வந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த இடைவெளி இருந்திருக்காது.

அந்த 1972-ஆம் ஆண்டுப் படம் 'சவுண்டர்'. அதில் அவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குத்தகை நிலத்தில் பாடுபடும் ஏழையின் மனைவி ரெபெக்கா. பிறர் வீட்டுத் துணி துவைப்பவள். பிள்ளைகளின் பசிக்காக இறைச்சி திருடிய கணவன் சிறைக்குப் போனதும், குழந்தைகளை வைத்துக்கொண்டே வெள்ளாமையைக் கரைசேர்க்கிறாள். கணவன் திரும்பி வருவதைத் தொலைவில் கண்டதும் அவள் ஓடுகிற ஓட்டம் ஒன்று இருக்கிறது. கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம், வாய்விட்டுக் கத்திக்கொண்டு. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

படத்துக்காக ஊர் ஊராகப் போனபோது வெள்ளைக்கார நிருபர் ஒருவர் அவரிடம் மனம் திறந்து பேசினாராம். படத்தில் அந்தக் கறுப்பினச் சிறுவன் தன் தந்தையை 'டாடி' என்று அழைத்தது தனக்கு உறுத்தியது, ஏனென்றால் தன் மகனும் தன்னை அப்படித்தான் அழைக்கிறான் என்றாராம். கறுப்பினத்தவரையும் தன்னைப் போன்ற மனிதர்களாக அந்த நிருபரால் பார்க்க முடியவில்லை. இனி எதற்காக நடிப்பது என்பதை அன்று முடிவு செய்ததாக டைசன் பல முறை சொல்லியிருக்கிறார்.

1974-இல் தொலைக்காட்சிப் படமொன்றில் அடிமையாகப் பிறந்து 110 வயதுவரை வாழும் ஜேன் பிட்மனாக நடித்தார். முடிவில் அந்தக் கிழவி கைத்தடியை ஊன்றி, வெள்ளையருக்கு மட்டுமான குடிநீர்க் குழாயை நோக்கி அடிமேல் அடி வைத்து நடக்கிறாள். குனிந்து குடிக்கிறாள். திரும்பி நடக்கிறாள். அந்தப் படம் அவருக்கு இரண்டு எம்மி விருதுகளைத் தந்தது.

கவனித்தீர்களா சகோதரி? துணி துவைப்பவளாகவும் அடிமையாகவும்தான் நடித்திருக்கிறார். அந்த வேடங்களை அவர் இழிவாக நினைக்கவே இல்லை. மனசு என்று ஒன்று இருப்பதாகவே எழுதப்படாத பெண்களைத்தான் மறுத்தார்.

ஆனால் மறுக்காதவர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். டைசனுக்கு முந்தைய தலைமுறை அமெரிக்க நடிகை ஹாட்டி மெக்டேனியல் பெரும்பாலும் பணிப்பெண்ணாகவே நடித்தார். 1940-இல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அந்த விருது விழா விருந்திலும் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் அவருக்குத் தனி மேசை போட்டார்கள். அவர் காலம் அப்படி, அவர் வயிற்றுப்பாடு அப்படி.

உங்களுக்கும் வாடகை இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மறுக்கச் சொல்ல மாட்டேன். பின்னணிக் குரல் கொடுப்பது, குழந்தைகளுக்கு நாடகம் சொல்லித்தருவது என்று மாத வாடகைக்கு மட்டும் வேறு வழி ஒன்றை முதலில் பிடியுங்கள். நாடகத்தை விட்டுவிடாதீர்கள். டைசன் 2013-இல், 88 வயதில், மேடை நடிப்புக்காக டோனி விருது வாங்கினார்.

வெள்ளிக்கிழமைக்கு முன் இயக்குநரிடம் நேரில் கேளுங்கள்: "அடிவாங்கிய பிறகு இவள் என்ன செய்கிறாள்? இவளுக்கு வீடு எங்கே, பிள்ளைகள் உண்டா?" அவர் யோசித்துப் பதில் சொன்னால் நடியுங்கள், அது எவ்வளவு சின்ன வேடமாக இருந்தாலும். "அதெல்லாம் எதற்கம்மா, வந்து அழுதுவிட்டுப் போங்கள்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.