வீட்டுக்குள் முடங்கிய தம்பி: ஊர் எப்படி உதவலாம்?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தவன். நான்கு வருடங்களுக்கு முன்பு காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஆரம்பித்தது. மனச்சிதைவு என்றார்கள். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், குரல் கேட்பதில்லை. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். தெருவில் இறங்கினால் பசங்கள் கிண்டல் செய்கிறார்கள். அம்மா எந்த விசேஷத்துக்கும் அவனைக் கூட்டிப்போவதில்லை. டாக்டரோ நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார். அப்புறம் ஏன் அவன் பழையபடி ஆகவில்லை? ஊர்க்காரர்கள் உதவ வழி இருக்கிறதா?
- ஆரணி பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மனநல சமூகப் பணியாளர்

டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. மனச்சிதைவில் குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்றவை ஒரு வகைத் தொல்லை. இவை பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும். எதிலும் நாட்டமில்லாமல் போவது, பேச்சு குறைவது, எழுந்து குளிக்கக்கூட மனம் வராதது இன்னொரு வகை. இதற்கு மாத்திரை அவ்வளவாக எடுபடாது. வீட்டில் இதைத்தான் சோம்பேறித்தனம், கொழுப்பு என்று திட்டுகிறோம். கூடவே மாத்திரை தரும் தூக்கமும் சேர்ந்திருக்கலாம். தம்பி எத்தனை மணிக்கு எழுகிறார், பகலில் எவ்வளவு தூங்குகிறார் என்று ஒரு வாரம் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

இந்த இரண்டாம் வகைக்குத்தான் மனிதர்கள் வேண்டும். தமிழ்நாட்டின் கிராமப்புறம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீட்டுக்கே வந்து போனார்கள். மாத்திரை, அன்றாடப் பழக்கம், வேலை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை, மிதமான முன்னேற்றம்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அந்த முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. வந்து போனவர்கள் யாரும் டாக்டர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ஊர் முழுக்கத் திருந்தட்டும் என்று காத்திருந்தால் தம்பிக்கு நாற்பது வயதாகிவிடும். நாலு பேர் போதும். ஆனால் ஆளுக்கு ஒரு குறிப்பான வேலை கொடுக்க வேண்டும். 'பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே' என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி.

யார் அந்த நாலு பேர் என்பதைத் தம்பியிடமே கேளுங்கள். நோய் விவரம் அவருடையது. அவரைக் கேட்காமல் வெளியே சொல்வது தப்பு, உறவுக்கும் கேடு. 'யாரோடு இருந்தால் உனக்குப் பயமில்லை?' என்று கேட்டால் நீங்கள் எதிர்பார்க்காத பெயர் வரலாம். மாமா பையனை விட்டுவிட்டு, சலூன்காரர் பெயரைச் சொல்லலாம். அவரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 'உடம்பு சரியில்லாமல் இருந்தான், மருந்து சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை முடி வெட்ட வரும்போது எப்போதும் போலப் பேசுங்கள்' என்றால் போதும்.

டீக்கடையை நான் முக்கியமாக நினைக்கிறேன். பசங்கள் கிண்டல் செய்வது பெரும்பாலும் அங்கேதான். அவர்களோடு நீங்கள் சண்டைக்குப் போவதைவிட, கடைக்காரர் ஒரு தடவை 'டேய், அவன் என் கஸ்டமர், வேலையைப் பாருங்கடா' என்று சொல்வது பத்து மடங்கு எடுபடும். அதை அவரிடம் கேட்டு வாங்குங்கள். தம்பி தினமும் நாலு மணிக்கு அங்கே போய், தன் காசில் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். முதல் வாரம் நீங்களோ ஒரு நண்பரோ கூடப் போகலாம், இரண்டாம் வாரம் தெருமுனை வரை. படுக்கையை விட்டு எழ ஒரு காரணம் வேண்டும், அதற்கு இது போதும்.

அடுத்தது வேலை. 'முழுசாகக் குணமானதும் வேலைக்குப் போகட்டும்' என்பார்கள். என் அனுபவத்தில் பலருக்கு இது தலைகீழாகத்தான் நடக்கிறது, வேலைக்குப் போகப் போகத்தான் ஆள் தேறுகிறார். ஃபிட்டர் படித்தவர் என்பதால் பக்கத்தில் ஏதாவது கிரில் பட்டறை இருக்கிறதா பாருங்கள். தூக்கம் தெளியும் பத்து மணிக்கு மேல், இரண்டு மணி நேரம் மட்டும். கம்பியை அளந்து குறி போடுவது, அரம் போட்டு விளிம்பைத் தேய்ப்பது போன்றவற்றில் தொடங்கட்டும். கட்டிங் மெஷின், உயரத்தில் ஏறிச் செய்யும் வெல்டிங் எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. இரண்டு மணி நேரத்துக்கு உண்டான கூலியைத் தம்பி கையில்தான் கொடுக்க வேண்டும், அம்மாவிடம் அல்ல. 'பொழுது போகட்டுமே' என்று சும்மா வேலை வாங்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பெயர் உதவி இல்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். விசேஷத்தில் நாலு கேள்வி வரும் என்ற பயம் நியாயமானதுதான். பெரிய கல்யாண மண்டபத்தில் தொடங்க வேண்டாம், கூட்டமும் மைக் சத்தமும் தம்பிக்கே ஆகாது. சித்தப்பா வீட்டுக் காதுகுத்து மாதிரி சின்னதாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று முன்பே பேசிவையுங்கள். வீட்டுக்குள் ஓயாமல் குறை சொல்வதும், கைக்குழந்தை போலப் பொத்திப் பொத்தி வைப்பதும், இரண்டுமே நோய் திரும்ப வருவதற்கு வழி செய்யும். இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நோய் மறுபடி தலைதூக்கினால் என்ன செய்வது என்பதை, தம்பி நன்றாக இருக்கும் இப்போதே பேசுங்கள். போன இரண்டு தடவையும் முதலில் என்ன மாறியது? இரண்டு மூன்று இரவு தூக்கமில்லையா, சாப்பாட்டில் சந்தேகமா, மாத்திரையை நிறுத்தினாரா? அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பரோடு அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை அவரே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போகச் சொல்லி யாராவது வருவார்கள். போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் கட்டிவைக்கும் இடத்தில் ஒரு இரவுகூட விடாதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலைத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள், மொத்தம் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படியே தடை. 'ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்' என்பவர்களுக்கும் காது கொடுக்காதீர்கள். கல்யாணம் வேண்டுமா என்று தம்பி முடிவு செய்யட்டும். அதுவும் பெண் வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு.

அரசாங்க உதவிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு மனநல மருத்துவர் மதிப்பிட்டு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கொடுத்தால் பல திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் கேட்டுவையுங்கள். மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் வேலூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டாம். சென்னைக்குப் போக நேர்ந்தால், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பில் மனச்சிதைவு உள்ளவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றிக் கேட்கலாம்.

கடைசியாக உங்களுக்கு. இதுவரை எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொண்டதாகத் தெரிகிறது. அந்த நாலு பேரில் ஒருவர் உங்களுக்காக இருக்கட்டும். மாதம் ஒருமுறை தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலையை அவரிடம் விடுங்கள். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாத நிலை வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.