மஞ்சள் கருவை எறியாதீர்கள்
வணக்கம். முட்டையை வேகவைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறது, கெட்டுவிட்டதோ என்று பயந்து அதை எறிந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பயமே வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம். அதிக நேரம் வெந்தால் வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்புச்சத்தும் சேர்ந்து அந்த நிறம் வரும், அவ்வளவுதான். முட்டையின் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி, வைட்டமின் ஏ, டி எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. அதை எறிந்தால் கொடுத்த காசு வீண்!

அந்த வளையம் வராமலிருக்க, முட்டையைக் கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி 10 நிமிடம் வையுங்கள். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போடுங்கள், இதுதான் முக்கியம். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் வெந்துகொண்டிருக்கும். அப்புறம், ஓடு ஒட்டுகிறது என்றீர்களே, புது முட்டை அப்படித்தான். சில நாள் ஃப்ரிட்ஜில் இருந்த முட்டையை எடுத்துப் பாருங்கள், எளிதாக உரியும்.