ஸ்பியர்ஸ் 1911 எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பை) வென்றது எந்த மைதானத்தில்?

வணக்கம். ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் ஜிம்மி ஸ்பியர்ஸ் பற்றிய கட்டுரைக்கு ஒரு பட்டியலில் கிரிஸ்டல் பேலஸ், இன்னொன்றில் ஓல்ட் டிராஃபோர்டு என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். நியூகாசிலுடன் இறுதிப்போட்டியின் முதல் ஆட்டம் கிரிஸ்டல் பேலஸில் 0-0. ஏப்ரல் 26 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம். அதில் பிராட்ஃபோர்டு சிட்டி 1-0. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் அணித்தலைவர் ஸ்பியர்ஸ். கோப்பையும் அந்த ஆண்டுதான் புதிதாகச் செய்யப்பட்டது, அதுவும் பிராட்ஃபோர்டு ஊர் நகைக்கடையில்! இதைக் கட்டாயம் சேருங்கள்.

கிளாஸ்கோவில் பிறந்தவர், முதலில் ரேஞ்சர்ஸ், அப்புறம் கிளைடு, 1909ல் பிராட்ஃபோர்டு. ஸ்காட்லாந்துக்காக ஆடியது 1908ல் வேல்ஸுக்கு எதிராக ஒரே ஒரு முறை. இவ்வளவு நல்ல ஆட்டக்காரருக்கு அது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

1915க்குப் பிறகு அவர் ஆடியதாக ஒன்றுமே இல்லை என்று குழம்ப வேண்டாம். அந்த ஆண்டு கேமரன் ஹைலேண்டர்ஸ் படையில் சேர்ந்தார். வீரத்துக்கான மிலிட்டரி மெடல் பெற்றார். 1917 ஆகஸ்ட் 20 அன்று பெல்ஜியப் போர்முனையில் இறந்தார்.

உங்கள் வரைவில் 'லீட்ஸ் யுனைடெட்' என்றிருப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். 1912 முதல் அவர் ஆடியது லீட்ஸ் சிட்டிக்கு. அந்த அணி 1919ல் கலைக்கப்பட்ட பிறகுதான் யுனைடெட் உருவானது.