நெடுந்தீவு விடுதியில் குழாய்த் தண்ணீர் கரிக்கிறதா?

இரண்டு நாள் நன்றாக இருந்த தண்ணீர் நேற்றுப் பின்னேரம் கரிக்கத் தொடங்கியது, சவர்க்காரமும் நுரைக்கவில்லை, விடுதியை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். தண்ணீர் திடீரென்று கரிப்பதும் சவர்க்காரம் நுரைக்காததும் அந்த வீட்டுக்காரர்களின் குறை இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவு சுண்ணாம்புக்கல் தீவு. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும். கிணற்றிலிருந்து மோட்டாரால் ஒரேயடியாக இறைத்தால் கீழே உள்ள உப்புநீர் மேலேறிவிடும். இரண்டு நாள் நன்றாக இருந்து நேற்றுப் பின்னேரம்தான் கரித்தது என்கிறீர்களே, இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பம்மா, வாளி கிணற்றின் அடியைத் தொட்டாலே அதட்டுவா. "மேலால அள்ளு பிள்ளை" என்பா.

அதையே செய்து பாருங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன், கிணற்றின் மேல்தண்ணீரை மெதுவாக அள்ளி நாக்கு நுனியில் வையுங்கள். குழாய்த் தண்ணீரைவிடக் கரிப்புக் குறைவென்றால், விட்டு விட்டு இறைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, இன்னும் கூடும். குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். யாராவது வருவதாக இருந்தால், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும்போதே போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.