13.6 நாள்: விண்மீனின் சுழற்சியா, செயற்கைக்கோளின் சுற்றா?

கேள்வி: முதுகலை இயற்பியல் ப்ராஜெக்டுக்கு, சூரியனின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குள்ள சிவப்புக் குள்ள விண்மீன் ஒன்றை எடுத்திருக்கிறேன். டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் சுழற்சிக் காலம் 13.6 நாள் என்று வருகிறது. ஆனால் நிறமாலையில், காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் சிவப்புக் கோடான ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வே இல்லை. இந்த வேகத்தில் சுழன்றால் நிறமண்டலம் (விண்மீனின் வெளி வளிமண்டல அடுக்கு) கொந்தளிக்க வேண்டாமா? புதுச்சேரியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 'சரிபண்ணித் தருகிறோம்' என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நிறமாலை சரிதான், அந்த 13.6 மேல்தான் எனக்குச் சந்தேகம். டெஸ் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 13.7 நாள் ஆகிறது. பூமியை நெருங்கும்போது, சேர்ந்த தரவை அனுப்புவதற்காக அவதானிப்பை நிறுத்திவிடும். பூமி, நிலா வெளிச்சமும் கேமராவுக்குள் சிதறி விழும். உங்கள் ஒளி வளைவின் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) நடுவே ஒரு இடைவெளியும், அதன் ஓரங்களில் ஏற்ற இறக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மென்பொருள் பிடித்தது அதைத்தான்.

ஒரு செக்டாரே, அதாவது டெஸ் வானின் ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் காலமே, சுமார் 27 நாள். இரண்டு சுற்றாவது முழுதாகத் தெரியாமல் சுழற்சிக் காலம் என்று எதைச் சொல்வது? போதாக்குறைக்கு, 'திருத்தியது' என்று தரப்படும் வளைவில் கருவியின் கோளாறோடு விண்மீனின் மெதுவான மாற்றமும் துடைக்கப்பட்டிருக்கும். ஆசாஸ்-எஸ்.என் தரைத் தொலைநோக்கிகள் ஆண்டுக்கணக்கில் எடுத்த ஒளி அளவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் மாதக்கணக்கான சுழற்சிக் காலத்தைத் தேடுங்கள். கிட்டத்தட்ட இதே அளவு நிறையுள்ள பர்னார்ட் விண்மீன் ஒரு சுற்றுக்கு நான்கு மாதத்துக்கு மேல் எடுக்கிறது.

அதற்காக, மெதுவாகச் சுழல்வதெல்லாம் அடங்கிக் கிடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். 4.24 ஒளியாண்டு தூரத்திலுள்ள ப்ராக்ஸிமா சென்டாரி ஒரு சுற்றுக்கு 80 நாளுக்கு மேல் எடுக்கிறது. ஆனாலும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவை உமிழ்கிறது. 2016 மார்ச்சில் ஒரு ஃப்ளேரில் (திடீர் காந்த வெடிப்பில்) 68 மடங்கு பிரகாசித்தது. அதன் நிறை சூரியனில் 12 சதவீதம்தான், உள்ளே முழுக்க வெப்பச்சலனம். இந்த வகை விண்மீன்களின் காந்தக் கொந்தளிப்பு தணிய பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். உங்கள் விண்மீனும் இதே வகைதான், ஆனால் தணிந்துவிட்ட வயசாளி போலிருக்கிறது.

சரி, அந்த சென்டர்காரர்கள் என்ன செய்வார்கள்? அதே 13.6 மேல் அழகான சைன் வளைவு ஒன்றை வரைந்து, பைண்டிங் போட்டுத் தருவார்கள். வைவாவில் முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்வது நீங்கள். டெஸ் தரவும் இலவசம், லைட்கர்வ் மென்பொருளும் இலவசம். 'சுழற்சிக் காலம் கிடைக்கவில்லை' என்று முடித்தால் மார்க்கைக் குறைக்கிறார்களே, அந்த முறைதான் இந்தக் கடைகளுக்குச் சோறு போடுகிறது. நீங்கள் 13.6ஐ ஏன் ஒதுக்கினீர்கள் என்பதைப் படத்தோடு தனி அத்தியாயமாகவே எழுதி, கைடிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.